பாலை நல்லா சூடா ஊத்தச் சொல்லுங்க ஐயா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்க ஞாயித்துக்கிழமை இணைப்புல "பாட்டி காலத்து பால் கேக்"னு ஒரு சமையல் குறிப்பு போட்டிருந்தீங்க, அதைப் பத்திதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க. இடம் பத்தலைன்னா வெட்டிக்கங்க, ஆனா பால் சமாச்சாரத்தை மட்டும் வெட்டிடாதீங்க, அதுக்காகத்தான் இவ்வளவும் எழுதுறதே.

பேப்பர் வந்த மறுநாளே எங்க தெருவுல பாதி வீட்டுல கேக் வாசம். காலாண்டு லீவு, வெளிய விடாத மழை, பிள்ளைங்க வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்குதுங்க, வேற என்னதான் பண்ணுவாங்க. சாயங்காலம் ஒவ்வொருத்தரா தட்டோட வந்து நிக்கிறாங்க, அக்கா இது ஏன் நடுவுல குழி விழுந்துச்சு, அக்கா அடியில ஏன் பிசுபிசுன்னு இருக்கு, அக்கா வெண்ணெய் தனியா பிரிஞ்சு ஓரத்துல நிக்குதேன்னு. கொடைக்கானல் நாயுடுபுரத்துல எங்க பக்கம் கேக்குன்னா என்னைத்தான் தேடி வருவாங்க, எல்லாம் எங்க மாமியார் வாங்கி வச்ச பேரு. சரி என்னதான் போட்டிருக்காங்கன்னு அந்த இணைப்பை வாங்கிப் படிச்சேன். படிச்சதும் புரிஞ்சு போச்சு, தப்பு இவங்க கையில இல்ல.

குறிப்புல என்ன சொல்லியிருக்கீங்க? "வெதுவெதுப்பான பால்"னு சொல்லியிருக்கீங்க. அதுக்கப்புறம் வெண்ணெய் 200 கிராம், முட்டை நாலு, கண்டென்ஸ்டு மில்க் அரை டின், பால் பவுடர், எசென்ஸ் ரெண்டு வகை, மேல கிரீம், செர்ரி. போட்டோ என்னமோ கல்யாண ரிசப்ஷன்ல வெட்டுற கேக்கு கணக்கா ஜோரா இருக்கு. தலைப்புல மட்டும் பாட்டி காலம். எந்தப் பாட்டி ஐயா அந்தக் காலத்துல ஒரு கேக்குக்கு 200 கிராம் வெண்ணெய் போட்டாங்க? இந்த கேக்கு பொறந்ததே வெண்ணெய் இல்லாத வீட்டுக்காகத்தான்.

இது இங்கிலாந்து ராணி காலத்து பலகாரம்னு வேற ஒரு வரி எழுதியிருக்கீங்க. இது அமெரிக்காக்காரங்க வீட்டு கேக். 1929-ல அங்க பங்குச்சந்தை விழுந்து, அதுக்கப்புறம் ஒரு பத்து வருஷம் வேலை இல்லாம கையில காசு இல்லாம ஜனங்க திண்டாடுனாங்கல்ல, அப்ப வீட்டு வீட்டுக்கு இதைத்தான் போட்டாங்க. பின்னாடி ரெண்டாம் உலகப் போர் வந்துச்சு, 1942-ல சீனிக்கு ரேஷன், 1943-ல வெண்ணெய்க்கு ரேஷன், அப்பவும் இதுதான் கை கொடுத்துச்சு. பழைய பவுண்டு கேக்குன்னு ஒண்ணு உண்டு, மாவு ஒரு பவுண்டு வெண்ணெய் ஒரு பவுண்டு சீனி ஒரு பவுண்டு முட்டை ஒரு பவுண்டுன்னு சரிக்குச் சரி போடுவாங்க, அதைப் போடணும்னா கையில காசு இருக்கணும். நம்ம கேக்குக்கு ரெண்டே முட்டை, ஒரு உருண்டை வெண்ணெய், மீதி வேலைய சூடான பால் பாத்துக்கும்.

அமெரிக்காக்காரங்க கேக்கு கொடைக்கானல்ல எப்படின்னு வெளியூர்க்காரங்களுக்குத் தோணும். எங்க ஊருக்கு அது புதுசு இல்ல. மதுரையில இருந்த அமெரிக்கன் மிஷன்காரங்க கீழ வெயில்லயும் காய்ச்சல்லயும் ஒவ்வொருத்தரா செத்துக்கிட்டு இருந்ததால மேல வந்து 1845-ல ரெண்டு பங்களா கட்டுனாங்க, ஊரு அங்கேருந்துதான் ஆரம்பிக்குது. இப்ப டூரிஸ்ட்டுங்க போட் ஓட்டுற ஏரியக்கூட லெவிஞ்ச்னு ஒரு கலெக்டர் தொரை 1863-ல கட்டுனது, ஊரு அதுக்கு முந்தியே வந்துருச்சு. 1901-ல மிஷன்காரங்க பிள்ளைங்களுக்குன்னு ஸ்கூல் வச்சாங்க, இன்னைக்கும் ஏரிக்கரையோரம் நடக்குது. பங்களா இருந்தா சமையக்கட்டு இருக்கும், சமையக்கட்டு இருந்தா நம்ம ஆளுங்க வேலைக்குப் போவாங்க. எங்க மாமியாரும் அப்படி ஒரு அமெரிக்கக் குடும்பத்துல பாத்திரம் கழுவப் போயி, காய் நறுக்கப் போயி, கடைசில அடுப்பே அவங்க கைக்கு வந்துருச்சு. இந்த கேக்க அங்கதான் கத்துக்கிட்டாங்க. இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, எல்லாம் கண்ணு பாத்த அளவுதான், ஆனா ஒரு நாளும் குழி விழுந்து நான் பாத்ததில்ல.

சரி, கேக்குக்கு வர்றேன். முதல்ல கீழ இருக்கிறவங்களுக்கு, அதாவது மதுரை திண்டுக்கல் சென்னைக்காரங்களுக்கு அளவு சொல்லிடறேன். முட்டை ரெண்டு. சீனி ஒரு கப்பு, 200 கிராம். மைதா ஒரு கப்பு, சலிச்சது, 125 கிராம் இருக்கும். பேக்கிங் பவுடர் ஒரு சின்ன ஸ்பூன், தலை தட்டி. உப்பு ஒரு சிட்டிகை. பால் அரை கப்பு, 120 மில்லி. வெண்ணெய் ரெண்டு பெரிய ஸ்பூன், 30 கிராம் வச்சுக்கங்க. அவ்வளவுதான் ஐயா, கண்டென்ஸ்டு மில்க்கும் வேணாம் பால் பவுடரும் வேணாம். எட்டு இஞ்ச் தட்டு ஒண்ணுக்கு இது சரியா வரும்.

முட்டையையும் சீனியையும் சேத்து நல்லா அடிக்கணும், மஞ்சள் நிறம் வெளுத்து கெட்டியாகி, கரண்டியத் தூக்குனா பட்டையா விழணும். வெள்ளக்கரு தனி மஞ்சக்கரு தனின்னு பிரிக்கிற வேலையெல்லாம் இந்த கேக்குல இல்ல, முழு முட்டையா உடைச்சு ஊத்துனாப் போதும். மத்தாலயும் அடிக்கலாம், எங்க மாமியார் மோர் கடையுற மத்துலதான் அடிச்சாங்க, கை ஓஞ்சு போகும், இப்ப மிஷின் இருக்கு. அப்புறம் மாவு பவுடர் உப்பு மூணையும் ஒண்ணா சலிச்சு மெதுவா சேக்கணும், இங்க போட்டு அடிக்கக் கூடாது, கலந்தா போதும். கடைசியாத்தான் பால். சின்ன பாத்திரத்துல பாலும் வெண்ணெயும் போட்டு அடுப்புல வைங்க, வெண்ணெய் உருகி, ஓரத்துல நுரை கட்டி, பொங்கப் போற நேரத்துல எறக்குங்க, ஆடை இருந்தா எடுத்துருங்க, எறக்கின கையோட மாவுல ஓரமா ஊத்திக்கிட்டே கலக்குங்க. ஆற விடாதீங்க, ஆறுனா போச்சு.

இங்கதான் உங்க குறிப்பு சறுக்குது. வெதுவெதுப்பான பால்ல என்ன நடக்கும்? வெண்ணெய் உருகாது, உருகுனாலும் ஜில்லுன்னு இருக்கிற மாவுல பட்டதும் திரும்ப உறைஞ்சுரும், அதான் எதுத்த வீட்டுப் பொண்ணு காட்டுன ஓரத்து வெண்ணெய். சூடா ஊத்துனா வெண்ணெய் பால்ல கலந்தபடியே மாவு முழுக்கப் பரவும். இன்னொண்ணு, மைதால இருக்கிற ஸ்டார்ச்சு கிட்டத்தட்ட 60 டிகிரிக்கு மேல தண்ணி குடிச்சு ஊதும், கொதிக்கிற பால் பட்டதும் கொஞ்சம் மாவு அப்பவே வெந்து தண்ணியப் பிடிச்சு வச்சுக்கும், அதனாலதான் இவ்வளவு கொஞ்சமா வெண்ணெய் போட்டும் கேக் மறுநாளும் ஈரமா இருக்கு. இது தெரியாம கேக் வறண்டு போயிரும்னு பயந்து நீங்க 200 கிராம் வெண்ணெயக் கொட்டச் சொல்றீங்க. பாலைச் சூடு பண்ணுனா காசு மிச்சம்.

முட்டை வெந்து திரிஞ்சுராதான்னு எல்லாரும் கேப்பாங்க, நியாயமான பயம்தான். அதுக்குத்தான் வரிசை. முட்டை முதல்ல சீனியோட சேந்துருச்சு, மேல மாவு வந்து மூடிருச்சு, அதுக்கப்புறம்தான் பால் வருது. சீனியும் மாவும் நடுவுல நிக்கிறதால முட்டை சட்டுனு திரியாது. வெறும் முட்டை மேல கொதிக்கிற பாலை ஊத்துனா பொடிமாஸ்தான் கிடைக்கும். உங்க குறிப்புல முட்டையோட பாலை ஊத்திட்டு அப்புறமா மாவு போடச் சொல்லியிருக்கீங்க, அந்த வரிசைக்கு வெதுவெதுப்பான பால்தான் சரி, கொதி பால் ஊத்த முடியாது, ஒரு தப்பு இன்னொரு தப்பை இழுத்துட்டு வந்திருக்கு.

பால் ஊத்துன மாவு தண்ணியா இருக்கும், பயந்துக்கிட்டு மேல மேல மைதா அள்ளிப் போடாதீங்க. பேக்கிங் பவுடர் ஈரம் பட்டதுமே பாதி வேலைய ஆரம்பிச்சுரும், மீதிப் பாதி சூடு பட்டாத்தான். இங்க ஈரமும் சூடும் ஒண்ணாப் போகுது, அதனால மாவைக் கலக்கி வச்சுட்டு போன் பேசப் போனா நுரையெல்லாம் அடங்கிரும். ஓவன் ரெடியா இருக்கணும், தட்டுல வெண்ணெய் தடவி பேப்பர் போட்டு ரெடியா இருக்கணும், அதுக்கப்புறம்தான் பால் பாத்திரமே அடுப்புல ஏறணும்.

இப்ப எங்க கதைக்கு வாங்க. மலைமேல இருக்கிற எங்களையும் கணக்குல வச்சு எழுதுங்கன்னு கேக்கத்தான் பேனாவ எடுத்தேன். கொடைக்கானல் 7,000 அடி. ஊட்டி அதை விட உசரம். இங்க தண்ணி 100 டிகிரில கொதிக்கிறதில்ல, 93-லயே கொதிச்சுரும், அதான் மலைமேல குக்கர் இல்லாம சோறும் பருப்பும் வேகுறதுக்குள்ள உயிர் போயிரும். காத்தோட அழுத்தம் கடல்கரையில இருக்கிறதுல முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். அழுத்தம் குறைஞ்சா கேக்குக்குள்ள வர்ற காத்துக் குமிழி சீக்கிரம் பெருசாகும், மாவு வெந்து கெட்டியாகுறதுக்கு முன்னாடியே மேல எழும்பி, தாங்க முடியாம உடைஞ்சு, நடுவுல உக்காந்துரும். தண்ணியும் வேகமா ஆவியாப் போகுது, தண்ணி போகப் போக மிச்சம் இருக்கிற மாவுல சீனி பங்கு கூடிப்போயி, கேக் கெட்டியாகவே லேட் ஆகுது. ஓவன்லேருந்து எடுக்கும்போது கோபுரமா இருந்தது மேஜைல வைக்கிறதுக்குள்ள குழியாப் போச்சுன்னா காரணம் இதுதான், கண்ணு பட்டதெல்லாம் இல்ல. (எங்க தெருவுல ஒருத்தி அதுக்கு உப்பு மிளகாயே சுத்திப் போட்டா.)

அதனால இங்க அளவு வேற. பேக்கிங் பவுடர் ஒரு ஸ்பூன்னு இருந்தா முக்கா ஸ்பூன். சீனில ரெண்டு பெரிய ஸ்பூன் எடுத்துருங்க. பால்ல ரெண்டு பெரிய ஸ்பூன் கூட்டிக்கங்க. ஓவன் 180-ன்னா இங்க 190, மேல்தோல் சீக்கிரம் கெட்டியாகி கேக்கத் தாங்கிப் பிடிக்கும். முட்டையையும் கீழ அடிக்கிற அளவுக்கு அடிக்க வேணாம், பட்டையா விழ ஆரம்பிச்சதும் நிறுத்திருங்க, ஏற்கனவே காத்து நிறைய விரியும், நாம வேற ஏத்தி விட வேணாம். அரை மணி நேரம் கணக்கு, ஆனா இருபத்தஞ்சு நிமிஷத்துலயே குச்சி குத்திப் பாருங்க. இதெல்லாம் கொடைக்கானல் ஊட்டி உசரத்துக்கு. பண்ணைக்காடு தாண்டிக்குடி பக்கமெல்லாம் கீழ, ஏற்காடு 5,000 அடிதான், அங்க பாதி மாத்துனா போதும். என் நாத்தனார் வத்தலகுண்டுல இருக்கா, அவளுக்கு முழு ஸ்பூன் பவுடர்தான் சரியா வரும், எங்க வீட்டு அளவை அப்படியே போட்டா அங்க கேக் எழும்பாது. ஒரே கை, ஒரே கேக்கு, காட் ரோடு ஏறி எறங்குனா அளவு மாறுது.

உங்க குறிப்புல பேக்கிங் பவுடர் ஒண்ணரை ஸ்பூன் போட்டிருக்கீங்க ஐயா. அந்த அளவு எங்க ஊர்ல ஓவன் கூரையில போய் ஒட்டிக்கும்.

சமையல் புஸ்தகம், டிவி, போன்ல வர்ற வீடியோ எல்லாமே சென்னையில உக்காந்து சொல்றதுதான். "ரூம் டெம்பரேச்சர்ல இருக்கிற வெண்ணெய்"னு சொல்லுவாங்க. யாரு ரூமு? மார்கழி தை மாசம் எங்க ரூம்ல வெண்ணெய் கல்லாத்தான் கிடக்கும், கத்தி எறங்காது. அதை சீனியோட போட்டு கிரீம் மாதிரி வர்ற வரைக்கும் குழைன்னா, குழைக்கிறவங்க தோள்பட்டைதான் குழையும். இந்தக் குளிருக்கு இந்த கேக்தான் சரி, ஏன்னா வெண்ணெயக் குழைக்கிற வேலையே இதுல கிடையாது, கல்லா இருந்தா என்ன, பால்ல போட்டு அடுப்புல வச்சா உருகப் போகுது. மாமியார் அந்த பங்களாவுல எத்தனையோ வகை கேக் பாத்திருப்பாங்க, வீட்டுக்குக் கொண்டு வந்தது இது ஒண்ணத்தான், காரணம் இதுவாத்தான் இருக்கணும்னு எனக்கு இப்ப தோணுது.

முட்டையும் அப்படித்தான், குளிர்ல கிடந்த முட்டைய அடிச்சா நுரையே வராது, சீனியும் கரையாது. முட்டைய உடைக்காம ஓட்டோட சுடுதண்ணில கொஞ்ச நேரம் போட்டு வைங்க, கை பொறுக்குற சூடு, கொதி தண்ணி இல்ல. வெதுவெதுப்புங்கிற வார்த்தைய நீங்க போட வேண்டிய இடம் இதுதான். சீனி பெரிய பரலா இருந்தா மிக்ஸில ஒரு சுத்து சுத்திக்கலாம், ரேஷன் சீனியே போதும்.

ஓவன் இல்லைன்னு யாரும் விட்டுராதீங்க. எங்க வீட்டுல ஓவன் வந்தது ரொம்ப பின்னாடி. மாமியார் பெரிய அலுமினியக் குண்டால மணல் கொட்டி, அது மேல கேக் தட்டை வச்சு, இரும்பு மூடி போட்டு, சீகை விறகு எரிஞ்ச தணலை கீழ கொஞ்சம் மூடி மேல நிறைய வைப்பாங்க. மேல தணல் இல்லாட்டி கேக் வெளுத்துப் போயி கிடக்கும். சூடு சரியா இருக்கான்னு பாக்க உங்க மாதிரி டிகிரி எல்லாம் அவங்களுக்குத் தெரியாது, ஒரு துண்டு நியூஸ்பேப்பரைக் கிழிச்சு உள்ள போடுவாங்க, அது மெதுவா பழுப்பானா கேக் வைக்கலாம், உடனே கருகுனா தணலை எடுக்கணும், வெள்ளையாவே இருந்தா இன்னும் காத்திருக்கணும். எங்க வீட்டுல பல வருஷம் உங்க பேப்பர்தான் வாங்குனோம், அதனால இந்த கேக்குல உங்களுக்கும் பங்கு உண்டுன்னு சொல்லலாம். இப்ப கேஸ் அடுப்பும் குக்கரும் இருக்கு, குக்கர்ல வாஷரையும் வெயிட்டையும் எடுத்துட்டு அடியில உப்போ மணலோ பரப்பி, மேல ஸ்டாண்டு வச்சு, பத்து நிமிஷம் காய விட்டு, தட்டை உள்ள வச்சு சிம்ல விட்டா வெந்துரும், மேல மட்டும் அவ்வளவா சிவக்காது, பரவாயில்ல. எலக்ட்ரிக் ஓவன் வச்சிருக்கிறவங்க மழைக்காலத்துல வோல்டேஜைப் பாத்துக்கங்க, லைட்டு மங்கலா எரியுற அன்னைக்கு 190-ல வச்சாலும் 190 வராது, அன்னைக்கு பஜ்ஜி போட்டுக்கங்க.

வாசனைக்கு எசென்ஸ் வாங்கியே ஆகணும்னு இல்ல. கீழ்மலையில தாண்டிக்குடி பக்கம் ஏலக்காய் விளையுது, காயை உரிச்சு அரிசிய பாயாசத்துக்கு எடுத்துக்கிட்டு தோலை பாலோட போட்டு காய்ச்சி வடிகட்டுங்க, தோல்லயே அவ்வளவு வாசம் இருக்கு. கமலா ஆரஞ்சு கிடைக்கிற காலத்துல அதோட தோலைச் சீவி (வெள்ளைப் பகுதி வராம, கசக்கும்) பால்ல போடுவாங்க மாமியார். இப்ப அந்த ஆரஞ்சு மரமெல்லாம் நோய் வந்து போனதுபோக மிச்சம் கொஞ்சம்தான், ஞாயித்துக்கிழமை சந்தையில எப்பவாவது கண்ணுல பட்டா விடாதீங்க. கிரீம் வேணாம். பிளம்ஸ் சீசன்ல ஜாம் காய்ச்சி வச்சிருந்தா ஒரு கரண்டி பக்கத்துல வைக்கலாம், பேரிக்காய் சீசன்ல பேரிக்காயை சீனிப்பாகுல வேக வச்சு வைக்கலாம், ஒண்ணுமே இல்லைன்னா வெறும் கேக்கும் கட்டங்காப்பியும் போதும்.

பால் எதுன்னும் கேக்குறாங்க. பக்கத்துல மாடு வச்சிருக்கிற வீட்டுப் பால் கிடைச்சா அதுதான் முதல். பாக்கெட் பால்னா ஆரஞ்சு பாக்கெட் வாங்குங்க, கொழுப்பு கூட இருக்கும். வெண்ணெய் வாங்க முடியலைன்னா எண்ணெயும் ஊத்தலாம், பாமாயில் ஊத்தி செய்யுறவங்களையும் பாத்திருக்கேன், கேக் நல்லாத்தான் எழும்பும், ஆனா பாலும் வெண்ணெயும் சேந்து காயுற அந்த ருசி வராது, அந்த ருசிக்குத்தானே இவ்வளவு பாடும்.

உங்க குறிப்புக்குக் கீழயே "முட்டை வேண்டாதவர்கள் முட்டையை விட்டுவிடலாம்"னு ஒரு வரி. இது ரொம்ப அநியாயம். இந்த கேக்க எழுப்பி நிறுத்துறதே முட்டைதான், அதை விட்டா சூடான பால்ல மைதாவக் கரைச்ச கஞ்சிதான் மிச்சம். முட்டை சேக்காதவங்களுக்கு வேற கேக் இருக்கு, உங்க கண்டென்ஸ்டு மில்க்கையும் தயிரையும் அங்க கொண்டு போங்க. எங்க ஊர்ல இது பெரிய விஷயம், கார்த்திகைல மலைக்கு மாலை போட்டிருப்பாங்க, தைப்பூசத்துக்கு பழனிக்கு நடக்கிறவங்க விரதம் இருப்பாங்க, நடுவுல கிறிஸ்துமஸ் வந்துரும். கிறிஸ்துமஸ் தட்டு குடுக்கும்போது மாலை போட்ட வீட்டுக்கு முறுக்கும் அதிரசமும் மட்டும் வச்சுக் குடுத்துட்டு, அவங்க மாலை கழட்டுன பிறகு தனியா ஒரு பால் கேக் போட்டு அனுப்புறது எங்க தெரு வழக்கம். முட்டைய விட்டுட்டு செஞ்சு குடுத்துரலாம்னு யாரும் யோசிச்சதே இல்ல.

இன்னொரு விஷயம், சொன்னா சில பேருக்குக் கோவம் வரும். ஊருக்குள்ள எந்தக் கடையப் பாத்தாலும் ஹோம்மேட்னு போர்டு, சாக்லேட்டுக்கும் ஹோம்மேட் கேக்குக்கும் ஹோம்மேட். 2024 மே மாசத்துலேருந்து இ-பாஸ் போட்டுத்தான் மேல வர்றாங்க, அப்படி மெனக்கெட்டு வர்றவங்க அந்த போர்டை நம்பி வாங்குறாங்க. நல்லா செய்யுறவங்களும் இருக்காங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா தொட்டா பஞ்சு பஞ்சா உதிர்ற அந்த மஞ்சக் கலரு கேக்குல பல இடத்துல கேக் ஜெல் போட்டுத்தான் எழுப்புறாங்க, முட்டை அடிக்கிற வேலை மிச்சம், ஒரே மாதிரி நிக்கும். அது வியாபாரம், அதுக்கு ஒரு அவசியம் இருக்கு, ஆயிரம் துண்டு வெட்டணும். வீட்டு கேக் அப்படி பஞ்சா இருக்காது, கொஞ்சம் நெருக்கமா, மேல மெல்லிசா சீனித் தோலு கட்டி, கடிச்சா அந்தத் தோலு நொறுங்கும். உங்க இணைப்புல வர்ற போட்டோ எல்லாம் கடை கேக் போட்டோவா இருக்கு, அதைப் பாத்துட்டு வீட்டுல செஞ்சவங்க நம்மளுது சரியா வரலைன்னு நினைச்சுக்கிறாங்க. எங்க தெருப் பொண்ணு ஒருத்தி, அளவு மாத்தி ரெண்டாவது தடவை போட்டு அருமையா வந்த கேக்கக் கையில வச்சுக்கிட்டு, அக்கா போட்டோல இருக்கிற மாதிரி இல்லையேன்னு நிக்கிறா. என்னத்த சொல்ல.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. அந்தக் குறிப்பைத் திருத்தி ஒரு தடவை போடுங்க, பால் கொதிக்கிற சூட்டுல, கடைசியா ஊத்தணும்னு கொட்டை எழுத்துல போடுங்க. இனிமே கேக் குறிப்பு எது போட்டாலும் கீழ ஒரு ரெண்டு வரி, மலைமேல இருக்கிறவங்க பவுடரையும் சீனியையும் குறைச்சு பாலையும் சூட்டையும் கூட்டிக்கங்கன்னு சேத்துருங்க. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறைன்னு எத்தனை ஊர்ல உங்க பேப்பர் விக்குது, நாங்களும் காசு குடுத்துத்தானே வாங்குறோம். கப்புன்னு போடும்போது எத்தனை மில்லின்னும் போடுங்க, எங்க வீட்டு டம்ளரும் உங்க ஆபீஸ் கப்பும் ஒண்ணு கிடையாது.

அரைப்பரிட்சை லீவுக்கு முன்னாடி வந்துட்டா ரொம்ப நல்லது, அப்பதான் இங்க எல்லா வீட்டுலயும் கேக் போடுவாங்க, முட்டை விலையும் அப்பதான் ஏறும், ரெண்டு முட்டைல முடியுற கேக்குன்னா எல்லாருக்கும் தோது.

இப்படிக்கு,
உங்க ரொம்ப நாள் வாசகி,
நாயுடுபுரம், கொடைக்கானல்.